அந்த ஒரு கிலோ எங்கிருந்து வருகிறது? தூக்கி நடக்க ஒரு மீடியம் ஃபார்மட் ஃபிலிம் கேமரா

மாமியா நிறுவனம் 1995இல் வெளியிட்ட மாமியா 7 கேமரா, 80 மி.மீ. லென்ஸுடன் சேர்த்து ஏறத்தாழ 1.2 கிலோ எடை. அசாஹி பென்டக்ஸ் 1969இல் கொண்டுவந்து, பின்னாளில் பென்டக்ஸ் 67 என்று அறியப்பட்ட கேமரா, வெளிச்சம் அளக்கும் மீட்டர் உள்ள ப்ரிஸமும் 105 மி.மீ. லென்ஸுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 2.3 கிலோ. இரண்டும் மீடியம் ஃபார்மட்; அதாவது 35 மி.மீ. ஃபிலிமைவிட அகலமான 120 ரோல் ஃபிலிமைச் சாப்பிடுபவை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு நெகட்டிவைத் தருபவை. ரோலுக்குப் பத்துப் படம் என்ற கணக்கும் இரண்டுக்கும் பொது. அப்படியென்றால் நடுவில் உள்ள அந்த ஒரு கிலோ எதற்காக?

ஒரு கண்ணாடிக்காக. பென்டக்ஸில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே 45 பாகை சாய்ந்து, உள்ளே வரும் பிம்பத்தை மேலே நாம் பார்க்கும் ஜன்னலுக்கு (வியூஃபைண்டர்) திருப்பும் ஒரு கண்ணாடி நிற்கிறது. படமெடுக்கும் கணத்தில் அது மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு இடம் விடும் பெட்டி, தூக்கும் பொறி, இடவலம் மாறிய பிம்பத்தைத் திருத்தித் தரும் கனமான ப்ரிஸம் எல்லாம் அந்தக் கண்ணாடியின் பரிவாரம். மாமியா 7இல் கண்ணாடியே கிடையாது. பக்கத்தில் ஒரு சிறு ஜன்னல் வழியாகப் பார்த்து, ரேஞ்ச்ஃபைண்டர் காட்டும் இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்கிறோம். தூக்கி நடக்க ஒரு மீடியம் ஃபார்மட் கேமரா வேண்டும் என்பவர் முதலில் தீர்க்க வேண்டியது எந்தப் பிராண்ட் என்பதை அல்ல. லென்ஸ் வழியாகப் பார்த்தே தீர வேண்டுமா என்பதை. மற்ற முடிவுகளில் பாதி அதிலிருந்து தானாகவே விழும்.

ஃபிலிமைப் பற்றிச் சிறிது சொல்லிவிட்டுப் போகலாம். 120 ரோலை ஈஸ்ட்மன் கோடாக் 1901இல் தன் பெட்டி கேமரா ஒன்றுக்காக அறிமுகம் செய்தது. ஆறு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் அகலம், பின்னால் எண்கள் அச்சிட்ட காகிதம். அந்த அமைப்பு இன்றுவரை மாறவில்லை. 1934இல் செய்த கேமராவில் நேற்று வாங்கிய ரோல் பொருந்துகிறது. தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. உதகமண்டலத்தில் இருந்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கி ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் விற்றது. அந்த ஆலை இப்போது இல்லை. ஆனால் பழைய வீட்டு ஆல்பங்களில் சதுரம் சதுரமாக ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களில் பல, அக்ஃபா க்ளிக் 3 போன்ற எளிய கேமராக்களில் 120 ரோல் போட்டு எடுத்தவை. மீடியம் ஃபார்மட் என்றால் ஏதோ விளம்பர ஸ்டூடியோக்களின் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள், தாத்தாவின் கேமராவே மீடியம் ஃபார்மட்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அதே ரோலில் எவ்வளவு நீளத்தை ஒரு படத்துக்கு ஒதுக்குகிறோம் என்பதைப் பொறுத்து ஃபார்மட் மாறும். 6x4.5 என்றால் 15 அல்லது 16 படம். 6x6 என்றால் 12. 6x7 என்றால் 10. 6x9 என்றால் எட்டே எட்டு. பெயரில் ஆறு சென்டிமீட்டர் என்று இருந்தாலும் நெகட்டிவின் உண்மையான குறுக்களவு 56 மி.மீ. அளவில்தான். பரப்பளவில் பார்த்தால் 35 மி.மீ. ஃபிலிமின் 24x36 சட்டத்தைவிட 6x4.5 சுமார் 2.7 மடங்கு, 6x6 சுமார் 3.6 மடங்கு, 6x7 சுமார் 4.5 மடங்கு.

இந்தப் பெருக்கல் கணக்கை அப்படியே நம்பி 6x6 வாங்குபவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: சதுரமாகவே பிரிண்ட் போடப் போகிறீர்களா? 16x20 அங்குலப் பிரிண்டுக்கு 35 மி.மீ. நெகட்டிவை சுமார் 17 மடங்கு பெரிதாக்க வேண்டும். 6x7க்கு ஏழு மடங்கைச் சற்றே தாண்டினால் போதும். 6x4.5க்கு ஏறத்தாழ பத்து. 6x6 நெகட்டிவை அந்தச் செவ்வகத்துக்கு வெட்டினால் மிஞ்சுவது 56x45 மி.மீ.; ஒன்பது மடங்கு. அதாவது, செவ்வகமாக வெட்டிப் பயன்படுத்துபவருக்கு 6x6 கேமரா 6x4.5க்கு மேல் பெரிதாக எதையும் தருவதில்லை; ரோலில் மூன்று நான்கு படங்களை இழப்பதுதான் மிச்சம். சதுரத்தைச் சதுரமாகவே நேசிப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் தனி வகை. நானும் அந்த வகைதான் என்பதால் இங்கே பாரபட்சம் இருக்கக்கூடும்.

இனி எடைக்கு வருவோம். விற்பனைக் குறிப்பில் போடும் கேமராவின் எடை ஓரளவுக்கு ஏமாற்று. நடப்பவர் தூக்குவது கேமராவை மட்டும் அல்ல. முக்காலி வேண்டுமா வேண்டாமா என்பதுதான் தோளுக்குத் தெரியும் வேறுபாடு. பென்டக்ஸ் போல, கண்ணாடி வழியாக லென்ஸ் காட்டுவதையே பார்க்கும் பெரிய எஸ்.எல்.ஆர். ஒன்றை ஆடாமல் தாங்கும் முக்காலி குறைந்தது இரண்டு கிலோவாவது இருக்கும். கேமராவில் அரைக் கிலோ மிச்சப்படுத்த ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு முக்காலியைக் கட்டிக்கொண்டு அலைபவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

முக்காலி ஏன் வேண்டியதாகிறது? இரண்டு காரணங்கள். முதலாவது, ஆழம். நெகட்டிவ் பெரிதாக ஆக, அதே காட்சிப் பரப்பை எடுக்க நீளமான லென்ஸ் வேண்டும். நீளமான லென்ஸில் ஃபோகஸ் ஆழம், அதாவது கூர்மையாகத் தெரியும் தூர வீச்சு, குறையும். லென்ஸின் திறப்பைச் சொல்வது f எண்; எண் கூடக் கூடத் திறப்பு சிறுக்கும். 6x7 கேமராவில் 80 மி.மீ. லென்ஸை f/4இல் திறந்தால் கிடைக்கும் தோற்றம், 35 மி.மீ. கேமராவில் 39 மி.மீ. லென்ஸை f/2இல் திறந்ததற்கு ஏறக்குறைய சமம். நிலக்காட்சியில் முன்னால் இருக்கும் பாறையும் பின்னால் இருக்கும் மலையும் தெளிவாக வேண்டும் என்றால் f/16, f/22 என்று மூட வேண்டியிருக்கும். மூடினால் ஷட்டர் மெதுவாகும். வெயில் படாத நிழலில், ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு எண்) 100 ஃபிலிமில், f/11 வைத்தால் ஷட்டர் ஏறத்தாழ 1/25 நொடிக்கு வந்துவிடுகிறது. ஐ.எஸ்.ஓ. 400 போட்டால் அதே இடத்தில் 1/100 கிடைக்கும். ஆகவே நடப்பவருக்கு மிக மலிவான, மிக இலேசான துணைக்கருவி 400 ஃபிலிம்தான். 35 மி.மீ. ஃபிலிமில் 400இன் பொரிப்பொரித் தன்மை உறுத்தலாம். 6x6க்கு மேல் அது பெரும்பாலும் தெரிவதே இல்லை. போர்ட்ரா 400, எச்.பி.5 இரண்டும் இந்த அளவில் எடுத்துக்கொடுக்கும் பிரிண்டைப் பார்த்தபின், 100 ஃபிலிமுக்காக முக்காலியைச் சுமப்பது வீம்பாகத் தோன்றும்.

இரண்டாவது காரணம் அதிர்வு. பென்டக்ஸ் 67இன் கண்ணாடியும் துணித்திரை போன்ற ஃபோகல் பிளேன் ஷட்டரும் பெரியவை. பாயும்போது கேமரா முழுவதும் அதிர்கிறது. 1/250, 1/500 வேகங்களில் இது பிரச்சினையே அல்ல. அந்தக் கேமராவைக் கையில் வைத்தே அருமையான மனித முகங்களை எடுத்தவர்கள் ஏராளம். 1/30, 1/15 அளவில்தான் தொல்லை. மாமியா 7, ரோலைஃப்ளெக்ஸ் போன்றவற்றில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே உள்ள மெல்லிய உலோக இதழ்கள். ‘டிக்’ என்ற சிறு ஒலியோடு திறந்து மூடிவிடும். மூச்சை அடக்கி நின்றால் 1/30இல் கூடக் கூர்மையாக எடுத்துவிடலாம். எடை வித்தியாசம் ஒரு கிலோ என்று தொடங்கினோம். முக்காலியையும் சேர்த்தால் அது மூன்று கிலோ.

கண்ணாடி இருந்தும் இந்தத் தொல்லை இல்லாத கேமரா ஒன்று உண்டு. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பால் ஃப்ராங்கேயும் ரைன்ஹோல்ட் ஹைடெக்கேயும் நடத்திய நிறுவனம் 1929இல் வெளியிட்ட ரோலைஃப்ளெக்ஸ். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ்கள்: மேலே உள்ளது பார்ப்பதற்கு, கீழே உள்ளது படமெடுக்க. கண்ணாடி மேல் லென்ஸுக்குப் பின்னால். அது அசையவே வேண்டியதில்லை. 1960களின் ரோலைஃப்ளெக்ஸ் 3.5எஃப் சுமார் 1.2 கிலோ. பேட்டரி தேவையில்லை. அதை வாங்க முடியாதவர்களுக்கு அதே நிறுவனத்தின் ரோலைகார்ட். அதற்கும் கீழே 1970இல் வந்து 1986 வரை உற்பத்தியான யாஷிகா மேட் 124ஜி. நம் ஊர் ஸ்டூடியோக்காரர்களுக்கு யாஷிகாவின் இரட்டை லென்ஸ் கேமராக்கள் நன்கு பழக்கமானவை. 124ஜியின் நான்கு வில்லைகள் கொண்ட யாஷினான் லென்ஸ் முழுதாகத் திறந்த நிலையில் ஓரங்களில் தளரும். f/8க்கு மூடினால் பெரிய பிராண்டுகளின் லென்ஸோடு வேறுபடுத்திச் சொல்ல அனுபவக் கண் வேண்டும்.

இந்த இரட்டை லென்ஸ் கேமராக்களுக்கும் சதுர ஃபார்மட்டுக்கும் உள்ள உறவு தற்செயலானதல்ல. இடுப்பளவில் பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்கும் வியூஃபைண்டரைப் பக்கவாட்டில் திருப்பிப் பயன்படுத்த முடியாது. படம் சதுரமாக இருந்தால் திருப்ப வேண்டிய தேவையே எழுவதில்லை. மாமியா ஆர்.பி.67 இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தது: கேமராவைத் திருப்பாமல் பின்புறத்தை மட்டும் சுழற்றலாம். விலை, இரண்டரைக் கிலோவைத் தாண்டும் எடை. அதை ‘எடுத்துச் செல்லக்கூடியது’ என்று சொல்பவர்கள் கார் வைத்திருப்பவர்கள்.

இரட்டை லென்ஸ் கேமராவின் குறை, லென்ஸை மாற்ற முடியாது என்பது. மாமியா சி330 மாற்ற வழி தந்தது, ஆனால் லென்ஸ்கள் ஜோடி ஜோடியாக வந்ததால் சுமையும் ஜோடியாக வந்தது. பிம்பம் இடவலம் மாறித் தெரிவதால் ஓடும் குழந்தையைத் தொடர முயன்றால் கேமரா எதிர்ப்பக்கம் போகும். சில ரோல்களில் கை பழகிவிடும். மறுபுறம், கண்ணுக்கு முன்னால் கேமராவைத் தூக்காமல் குனிந்து நிற்பவரைத் தெருவில் யாரும் பொருட்படுத்துவதில்லை. சிகாகோவின் தெருக்களில் புகைப்படக்காரர் விவியன் மையர் ரோலைஃப்ளெக்ஸில் எடுத்த படங்களில் மக்கள் அவ்வளவு இயல்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ரேஞ்ச்ஃபைண்டர்களில் உச்சம் மாமியா 7தான் என்பதில் பலருக்கும் ஒரே கருத்து. கண்ணாடிக்கு வழிவிட வேண்டிய கட்டாயம் இல்லாததால் அதன் 43 மி.மீ. அகலக்கோண லென்ஸைப் பின்புறம் ஃபிலிமுக்கு மிக அருகில் வரும்படி வடிவமைக்க முடிந்தது. எஸ்.எல்.ஆரின் அகலக்கோண லென்ஸ்கள் பெரிதாகவும் கனமாகவும் இருப்பதற்கும் இது சிறிதாக இருப்பதற்கும் அதுவே காரணம். இதற்கு முன் 1989இல் வந்த மாமியா 6இன் லென்ஸ் பகுதியை உடலுக்குள் அழுத்திவிடலாம். பைக்குள் வைக்க அதைவிட வசதியானது இல்லை. சதுரப் படம், 50, 75, 150 என்று மூன்றே லென்ஸ். எனக்கு இது இன்னும் நேர்மையான கேமராவாகத் தோன்றுகிறது: மூன்றுக்கு மேல் வாங்க ஆசைப்படவே வழியில்லை.

ஆனால் ரேஞ்ச்ஃபைண்டரின் பாதகங்களைப் புகழுரைகள் விழுங்கிவிடுகின்றன. மாமியா 7இன் 80 மி.மீ. லென்ஸ் ஒரு மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. முகத்தை நெருக்கமாக எடுக்க நினைப்பவருக்குக் கதவு அங்கேயே மூடிவிடும். 150 மி.மீட்டருக்கு மேல் ரேஞ்ச்ஃபைண்டர் துணை வராது; 210 லென்ஸில் தூரத்தைக் கணித்து வைக்க வேண்டும். 43, 50 லென்ஸ்களுக்கு மேலே தனி வியூஃபைண்டர் செருக வேண்டும். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரின் விளைவு ஜன்னலில் தெரியாது. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் வியூஃபைண்டர் எதுவும் சொல்லாது. எல்லாவற்றுக்கும் மேல், ஷட்டர் முழுக்க மின்னணுவில் இயங்குவது. பேட்டரி தீர்ந்தால் படம் இல்லை, மாற்றினால் சரியாகிவிடும். உள்ளே சர்க்யூட் கெட்டால்தான் உதிரிபாகம் தேட வேண்டும், உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. இவ்வளவுக்கும் அதன் செகண்ட்ஹேண்ட் விலை இப்போது நல்ல இரட்டை லென்ஸ் கேமராக்கள் சிலவற்றை ஒருசேர வாங்கப் போதும் அளவில் நிற்கிறது.

லென்ஸ் மாற்ற வேண்டாம் என்றால் ஃபூஜி இருக்கிறது. 90 மி.மீ. நிலை லென்ஸுடன் 6x9 எடுக்கும் ஜி.டபிள்யூ.690 வகையை அமெரிக்கர்கள் ‘டெக்சாஸ் லைக்கா’ என்று கேலியும் பாசமுமாக அழைப்பார்கள். பார்க்கப் பூதாகாரம், எடை ஒன்றரைக் கிலோ, பேட்டரியே கிடையாது. எதிர்முனையில் 1995இன் ஜி.ஏ.645: ஆட்டோஃபோகஸ், தானாக ஃபிலிம் சுற்றுதல், சுமார் 800 கிராம். அதைக் கண்ணில் வைத்தால் சட்டம் நின்ற செவ்வகமாகத் தெரிவது பலருக்கு வியப்பு. 6x4.5இல் படத்தின் குட்டைப் பக்கம்தான் ஃபிலிம் ஓடும் திசையில் விழுகிறது. ஃபிலிம் இடமிருந்து வலம் ஓடினால் படம் நின்றுதான் ஆக வேண்டும். படுக்கைவாட்டுப் படம் வேண்டும் என்ற 645 (அதாவது 6x4.5) எஸ்.எல்.ஆர்.கள் ஃபிலிமை மேலிருந்து கீழாக ஓடவிட்டன.

மடக்கும் கேமராக்கள் எடை என்ற ஒரே அளவுகோலில் அனைத்தையும் வெல்கின்றன. ஃபோக்ட்லாண்டர் பெர்கியோ சுமார் அரைக் கிலோ. சட்டைப்பையில் இல்லாவிட்டாலும் கோட்டுப்பையில் போய்விடும். ஸைஸ் ஐகான் 1934இல் தொடங்கிய சூப்பர் ஐகோன்டா வரிசையில் ரேஞ்ச்ஃபைண்டரும் உண்டு. அதைப் பின்பற்றி சோவியத் ஒன்றியத்தின் க்ராஸ்னகோர்ஸ்க் ஆலை செய்த மாஸ்க்வா-5, 6x9 எடுக்கும். வாங்குவதற்கு முன் இருட்டறையில் பெல்லோஸுக்குள் (லென்ஸையும் உடலையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி) சிறு டார்ச்சை வைத்து மூலைகளைப் பார்க்க வேண்டும். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் ஒவ்வொரு படத்திலும் அது வரும். அக்ஃபா ஐசொலெட் என்றால் இன்னொரு சோதனை: அந்தக் காலத்துப் பச்சை கிரீஸ் கோந்தாக இறுகி, ஃபோகஸ் வளையத்தை அசைய விடாமல் செய்திருக்கும். புதிய காலத்து மடக்கு கேமராக்களும் உண்டு. நிக்கார் 80 மி.மீ. f/2.8 லென்ஸ் பொருத்திய ப்ளாபெல் மகீனா 67 கண்ணைப் பறிக்கும், ஆனால் அதன் உள்பொறிகள் மென்மையானவை. 2009இன் ஃபூஜி ஜி.எஃப்.670, 6x6, 6x7 இரண்டையும் எடுக்கும். பணம் பொருட்டில்லை, ஒரே லென்ஸ் போதும் என்பவருக்கு நான் தயங்காமல் சொல்வது அதைத்தான்.

எஸ்.எல்.ஆரை இவ்வளவு திட்டிவிட்டு ஹாசல்பிளாடைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 1957இன் 500சி முதல் வந்த வரிசையில், குனிந்து பார்க்கும் மடிப்பு வியூஃபைண்டரோடு, 80 மி.மீ. லென்ஸும் கழற்றி மாட்டும் ஃபிலிம் பெட்டியான மேகஸினும் சேர்ந்து எடை ஒன்றரைக் கிலோதான். ப்ரிஸம் இல்லாததும் ஷட்டர் லென்ஸுக்குள் இருப்பதும் காரணம். கண்ணாடியின் அதிர்வைத் தவிர்க்க அதை முன்கூட்டியே உயர்த்திவிடலாம். நெருக்கப் படம், நீள லென்ஸ், பாதி ரோலில் கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறுதல் எல்லாம் சாத்தியம். மேகஸினைக் கழற்றும் இந்த வசதி சந்திரனில் வேறு விதமாகப் பயன்பட்டது. அப்போலோ 11 வீரர்கள் ஹாசல்பிளாடில் படமெடுத்தார்கள். திரும்பும்போது ஃபிலிம் மேகஸின்களை மட்டும் எடுத்துக்கொண்டு கேமரா உடலையும் லென்ஸையும் அங்கேயே விட்டுவிட்டார்கள். ஏற்றிவர வேண்டிய பாறைகளுக்கு எடை வேண்டியிருந்தது. பூமியில் அந்தச் சலுகை நமக்குக் கிடையாது. இரண்டாவது மேகஸின், 150 லென்ஸ், ப்ரிஸம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, இலேசாகத் தொடங்கிய ஹாசல்பிளாட் பை கனத்த மூட்டையாகிவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

நடுவழி தேடுபவர்களுக்கு 645 எஸ்.எல்.ஆர்.கள்: மாமியா 645, ப்ரோனிக்கா ஈ.டி.ஆர்.எஸ்., 1997இல் ஆட்டோஃபோகஸுடன் வந்த பென்டக்ஸ் 645என். கைப்பிடி நன்றாக இருக்கும், லென்ஸ்கள் மலிவு, ரோலுக்கு 15 அல்லது 16 படம். 35 மி.மீ. எஸ்.எல்.ஆரில் பழகியவருக்குப் புதிதாக எதையும் கற்க வேண்டாம். திருமணமோ குழந்தைகளோ எடுப்பவருக்கு இதுவே பொருத்தம். மலையேறப் போகிறவருக்கு அல்ல.

என் கணிப்பைக் கேட்டால், முதல் மீடியம் ஃபார்மட் வாங்கி நடக்க நினைக்கும் பெரும்பாலானோருக்கு நல்ல நிலையில் உள்ள ஒரு யாஷிகா மேட் அல்லது ரோலைகார்ட், ஒரு சிறிய லைட் மீட்டர், 400 ஃபிலிம் போதும். வீட்டில் சாதாரண ஃப்ளாட்பெட் ஸ்கேனர் இருந்தாலே இந்த நெகட்டிவிலிருந்து நல்ல பிரிண்ட் அளவுக்கு விவரம் எடுக்கலாம்; 35 மி.மீ. நெகட்டிவுக்கு அதே ஸ்கேனர் ஏமாற்றம் தரும். ஓராண்டு அதில் எடுத்தபின், அகலக்கோணம் இல்லையே என்று ஏங்கினால் ரேஞ்ச்ஃபைண்டருக்குப் போங்கள். கிட்டப்போக முடியவில்லையே என்று ஏங்கினால் ஹாசல்பிளாடுக்குப் போங்கள். ஏங்கவே இல்லை என்றால் பணம் ஃபிலிமுக்கு மிச்சம்.

எதை வாங்கினாலும் அது பழைய கேமராதான். இந்த ஃபார்மட்டில் புதிதாகச் செய்யப்படுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. எனவே ஷட்டரை ஒரு நொடி, அரை நொடி, 1/8 என்று மெதுவான வேகங்களில் ஓடவிட்டுக் கேளுங்கள். எண்ணெய் உலர்ந்த லீஃப் ஷட்டர் (லென்ஸுக்குள் இதழ்களாக இருப்பது) 1/250இல் நன்றாகப் பாசாங்கு செய்யும். ஒரு நொடியில்தான் திக்கும் அல்லது நின்றுவிடும். லென்ஸின் பின்புறம் டார்ச் அடித்துப் பூஞ்சை இழைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் மூடிய தோல் உறைக்குள்ளேயே வருடக்கணக்கில் கிடந்த கேமராவில் அது இல்லாவிட்டால்தான் அதிசயம். ரேஞ்ச்ஃபைண்டரில் தூரத்துக் கோபுரத்தையோ நிலவையோ பார்த்து, முடிவிலியில் இரண்டு பிம்பங்களும் கிடைவாட்டிலும் நெடுவாட்டிலும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று சோதியுங்கள். ஒருமுறை கீழே விழுந்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

ரோலை நிழலில் மாற்றுங்கள். எடுத்து முடித்த ரோலைத் தளராமல் இறுக்கிப் பிடித்து ஒட்டுங்கள், ஓரங்களில் வெளிச்சம் புகுவது பெரும்பாலும் இங்கேதான். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பின்காகிதத்தின் எண்கள் நெகட்டிவில் நிழலாகப் பதிவதுண்டு. ஆகவே காரின் டேஷ்போர்டில் ரோலை விட வேண்டாம், எடுத்ததைச் சீக்கிரம் டெவலப் செய்துவிட வேண்டும். விமானத்தில் போவதென்றால், செக்-இன் பெட்டியில் ஃபிலிமை ஒருபோதும் வைக்காதீர்கள். கைப்பைகளுக்கும் இப்போது பல விமான நிலையங்களில் சி.டி. ஸ்கேனர்கள் வந்துவிட்டன; பழைய எக்ஸ்ரே கருவி பொறுத்துக்கொண்ட 400 ஃபிலிமையும் அவை மங்கலாக்கிவிடும். ரோல்களை உறைகளிலிருந்து எடுத்து, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பையில் போட்டு, கையால் சோதிக்கும்படி வரிசையில் நிற்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.